எந்தக் கார்டில் ஓடட்டும்

தம்பியின் முகம் திரையில் நின்றுவிட்டது.

குரல் மட்டும் ஓடியது. "அக்கா, எடுக்காத, எடுக்காத" என்று சிரித்தது. முகம் அசையவில்லை. கண்கள் பாதி மூடியிருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது.

இந்த முகத்தை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். சவப்பெட்டிக்குள்.

நிறுத்தினாள். குரல் நின்றது. அதற்குப் பிறகு முகம் நகர்ந்து, சத்தமே இல்லாமல் எதையோ சொல்லி முடித்தது.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

நாளை மாலை தம்பி ஆல்ட்ரினுக்கு முப்பதாம் நாள் பூசை. பூசைக்குப் பிறகு மாதா கோயில் மண்டபத்தில் போட ஒரு வீடியோ வேண்டும் என்று அம்மாதான் கேட்டாள். போட்டோ வேண்டாமாம். அவன் நடக்க வேண்டும். பேச வேண்டும்.

சித்தி, மாமா, அவன் கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லார் போனிலிருந்தும் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்தாள். அவளுடைய பழைய லேப்டாப் தாங்கவில்லை. அதனால்தான் தம்பியின் அறைக்கு வந்தாள்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காலை அவன் அணைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர். அதன் பிறகு யாரும் தொடவில்லை.

நாற்காலி அவன் உயரத்துக்கு இருந்தது. அவள் கால் தரையில் படவில்லை. இறக்கி வைக்க மனம் வரவில்லை.

மறுபடி ஓட்டிப் பார்த்தாள். கடற்கரை வந்தது. ஓடி வந்தவன் பாதியில் நின்றான். அலைச் சத்தம் அவனை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

தம்பியின் நண்பன் கிங்ஸ்டனுக்குப் போன் செய்தாள். அவனும் ஆல்ட்ரினும் சேர்ந்துதான் பாகங்களை ஒவ்வொன்றாக மாட்டி இந்தக் கம்ப்யூட்டரை உண்டாக்கினார்கள்.

முகம் நிற்கிறது, குரல் மட்டும் ஓடுகிறது என்று அவள் சொன்னாள்.

"அக்கா, அதுல படத்த ஓட்டுறதுக்கு கிராபிக்ஸ் ரெண்டு இருக்கு. ஒண்ணு பிராசசரோடயே வர்றது. சின்னது. இன்னொண்ணு அவன் தனியா வாங்கி மாட்டுன கார்டு. எடிட்டிங் சின்னதுல ஓடுது போல. செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளேக்குள்ள கிராபிக்ஸ்னு இருக்கும். அதுல பெருசுக்கு மாத்திவிடுங்க."

பிறகு மெதுவாகச் சொன்னான்.

"கேமெல்லாம் அதுலதான்க்கா ஆடுவோம். அதோட இரைச்சல் வீடு முழுக்கக் கேக்கும்."

வைத்துவிட்டான்.

அவன் சொன்ன இடத்துக்குப் போனாள். எடிட்டிங் மென்பொருளின் பெயரைத் தேடி அழுத்தினாள். எந்தக் கார்டில் ஓடட்டும் என்று கேட்டது.

சின்னதிலேயே விட்டுவிடலாம். மெதுவாக என்றாலும் வீடியோ எப்படியாவது வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் அந்த நின்றுபோன முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

பெரியதைத் தேர்ந்தெடுத்தாள். மென்பொருளை மூடித் திறந்தாள்.

தம்பி ஓடினான்.

தடங்கல் இல்லாமல் ஓடினான். கடற்கரையில், சித்தி வீட்டு மாடியில், பைக்கின் பின்னால் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபடி. வாயும் குரலும் சேர்ந்தன. கண் இமைத்தான். தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டான்.

அதைப் பார்ப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது.

வெட்டினாள். ஒட்டினாள். அவன் பேசும் இடங்களில் பாட்டைக் குறைத்தாள். அடுப்படியிலிருந்து குழம்பு கொதிக்கும் வாசனை வந்தபோது எல்லாம் கோத்து முடிந்திருந்தது.

துண்டுகளை ஒரே வீடியோவாக்க ரெண்டர் கொடுத்தாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மேசைக்கடியில் பெரிய கார்டின் விசிறிகள் சுழல ஆரம்பித்தன. சத்தம் ஏறிக்கொண்டே போனது. மேசை மெல்ல அதிர்ந்தது. திறந்திருந்த கதவு வழியாக அந்த இரைச்சல் வீடு முழுக்கப் போனது.

ஹாலில் பெஞ்சில் படுத்திருந்த அப்பாவின் குரல் கேட்டது.

"ஏல ஆல்ட்ரின், விளையாண்டது போதும். அமத்திட்டுச் சாப்பிட வால."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

அடக்கம் முடிந்ததிலிருந்து அப்பா அந்தப் பெயரைச் சொன்னதில்லை. சரியாகத் தூங்கியதும் இல்லை. படுப்பார். எழுந்து உட்காருவார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வருவார்.

அவள் நாற்காலியிலிருந்து இறங்கிக் கதவருகே போய்ப் பார்த்தாள்.

அப்பாவின் கண்கள் மூடியிருந்தன. புருவம் மட்டும் சுருங்கியிருந்தது, பதில் வராத கோபத்தில்.

அவள் தம்பிக்காகப் பதில் சொன்னாள்.

"வாரேம்ப்பா."

குரல் கட்டையாக வந்தது. அவளுடையதாகவே இல்லை.

"ம்" என்றார் அப்பா. புருவம் தளர்ந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, நிலைப்படியில் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள்.

அவள் அறைக்குத் திரும்பினாள்.

பெரிய கார்டு வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டது. வீடியோ தயார் என்று திரை சொன்னது. விசிறிகள் வேகம் குறைந்தன. இரைச்சல் இறங்கி இறங்கித் தெருச்சத்தம் கேட்க ஆரம்பித்தது.

ஹாலில் குறட்டை அறுந்தது. பெஞ்சு கிறீச்சிட்டது.

முடிந்துபோன வீடியோவுக்கு, அவள் மறுபடியும் முதலிலிருந்து ரெண்டர் கொடுத்தாள்.