எதிர்ப்பேச்சு

ஆலங்காயம் பஸ் கிளம்பியதிலிருந்தே பாஞ்சாலைக்கும் அவள் கணவன் கோவிந்தனுக்கும் சண்டைதான்.

“அதோ பாரு, கேவுரு நல்லா வந்திருக்குது.” பாஞ்சாலை ஜன்னல் வழியே வயலைக் காட்டினாள்.

“இல்ல. சாமை.”

“கேவுருதான்யா!”

“சாமை!”

“சரி, வரப்புல நிக்கிறது வேப்பமரம்தானே?”

“புளி! புளியமரம்!” கோவிந்தன் சீட்டைக் குத்தினான்.

முன் சீட்டிலிருந்த டீச்சர் பிரியதர்ஷினி திரும்பினாள். “இன்னாக்கா இது? என் கிளாஸ் பசங்களே இப்படிச் சண்டை போட மாட்டாங்க. அது சாமைதான், கேழ்வரகு இல்ல.”

“தெரியும் டீச்சர். நான் வெதைச்சதுதான் அது.” பாஞ்சாலை அவள் காதருகே குனிந்தாள். “பக்கவாதம் வந்து இவருக்குப் பேச்சே போயிடுச்சு. கெஞ்சிப் பாத்தேன், அழுது பாத்தேன், வாயே தொறக்கல. ஒருநாளு வாய்தவறி சாமையைக் கேவுருன்னுட்டேன். ‘இல்ல’ன்னாரு! அன்னிலேர்ந்து தப்புத் தப்பாத்தான் பேசறேன். சண்டைக்கு ஒரு வார்த்தையா திரும்பி வருது.”

பிரியதர்ஷினி கோவிந்தனைப் பார்த்தாள்.

“அண்ணே, அக்கா சொல்றதுதான் சரி. அது கேவுருதான்.”

கோவிந்தன் எழுந்தே விட்டான். “உங்க... ரெண்டு பேருக்கும்... கண்ணு தெரியலையா?”

பாஞ்சாலை டீச்சரின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“முழுசா பேசிட்டாரு டீச்சர்! நாளைக்கும் இதே பஸ்லதானே வருவீங்க?”