இடது தோள்

மெலிண்டா அடித்த வாலிபால் சர்வ் மறுபடியும் எதிரணி ஏழாம் எண்காரியின் இடது தோளுக்கே பறந்தது. ஷெரின் தடுமாறி அதைச் சுவர்ப் பக்கம் தட்டிவிட்டாள்.

"பாவம்லா, அழுவுறா. வேற ஆளுக்குப் போடு," என்றாள் ஓடிவந்த அணித்தோழி தனுஷா.

"பாவம் பாக்கவா ஈப்போவுலேர்ந்து பஸ் ஏறி வந்து உங்க சித்தியவான் ஊர் டீம்ல சேந்தேன்?" என்றாள் மெலிண்டா.

போன வருடம்வரை மெலிண்டா ஈப்போ அணியில்தான் ஆடினாள். உயரம் பத்தாது என்று அவளை வெளியே அனுப்பிவிட்டு, அந்த ஏழாம் எண் சட்டையைத் தன் மகள் ஷெரினுக்கு மாட்டிவிட்டார் கோச் சூசைநாதன். இன்று வெல்கிற அணிதான் மலேசிய தேசியப் போட்டிக்குப் போகும்.

"கோச், அவள மாத்துங்கலா," என்று ஈப்போ பெண்களே கெஞ்சினார்கள். மகளை உட்காரவைத்தால் அன்றைக்குச் செய்தது தப்பென்று ஆகிவிடுமே. சூசைநாதன் அசையவில்லை.

மெலிண்டா எதிர்பார்த்ததும் அதைத்தான். கடைசி சர்வையும் அதே தோளுக்கு அடித்தாள். சித்தியவான் வென்றது.

கைகுலுக்க எல்லோரும் வலையருகே வந்தார்கள். "எம்மகள அழ வச்சிட்டல்ல," என்றார் சூசைநாதன்.

மெலிண்டா ஷெரினின் கையைப் பிடித்தாள். "ரொம்ப வலிக்குதா?"

"பரவால்லக்கா." ஷெரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவுக்குக் கேட்கும்படியே சொன்னாள். "இடது தோளுக்கு வர்ற பந்து எனக்கு எடுக்க வராது, மெலிண்டா அக்காவையே போடுங்கன்னு இவருகிட்ட எத்தனையோ தடவ சொன்னேன். கேக்கல. அதான் மேட்சுக்கு முன்னாடியே இத உங்ககிட்ட சொன்னேன்."