பொட்டலத்துச் சிவப்பு

முதல் முட்டை வெடித்துவிட்டது.

"அடடா" என்று சன்னாசி சட்டியின் மேல் குனிந்தார். ஆவி மூக்குக்கண்ணாடியில் படிந்தது. உள்ளே மீதி முட்டைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு குதித்தன. அவருடைய நெஞ்சும் அப்படித்தான் குதித்துக்கொண்டிருந்தது.

தீயைக் குறைத்தார். ஒரு கை உப்பை அள்ளிப் போட்டார். உப்பு போட்டால் வெடிக்காது என்பது வெடித்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

மகள் ரோகினி நீலாய் டவுனிலிருந்து கிளம்பிவிட்டாள். பதினோரு மணிக்குள் கார் லிங்கி தோட்டத்துக்கு வந்துவிடும். கூடவே பேத்தி. பிறந்து இன்றோடு முப்பது நாள். கார் வருவதற்குள் முட்டைகள் வெந்து, ஆறி, சிவப்பாகிவிட வேண்டும்.

ஆனால் இன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை முட்டை ஓடுகூட அவர் மனைவி பஞ்சாலையின் சமையற்கட்டுக்குள் நுழைந்ததில்லை. அதனால்தான் கேஸ் அடுப்பை வெளியே தூக்கி வந்து, செம்பனை மரங்களைப் பார்த்தபடி பின்வாசலில் குந்தியிருந்தார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா முட்ட அவிக்கிறீங்களே, சாமி கண்ண குத்தும்லா!"

பஞ்சாலை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் ஜன்னல் வழியாகச் சட்டியை எட்டியும் பார்த்தாள்.

முட்டைகள் வெந்துவிட்டன. பச்சைத் தண்ணீரில் போட்டு, ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தார். முப்பத்திரண்டு வருடமாகச் சாமி மேடையில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரே ஒரு தடவைதான் அதைத் திறந்திருக்கிறார்கள். ரோகினி கைக்குழந்தையாக இருந்தபோது பஞ்சாலை அதில் ஒரு துளி தொட்டுப் பொட்டு வைத்தாள். மூன்று நாள் தேய்த்தும் பொட்டு போகவில்லை. அம்மன் வைத்த பொட்டு என்று பஞ்சாலை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

பொடி கட்டிதட்டிப் போயிருந்தது. கடையில் புதிதாகவே கிடைக்கும்தான். ஆனால் அவருக்கு இதுதான் வேண்டும். சாயம் செத்துப் போயிருந்தால் வேறு வழியே இல்லை.

சுடுதண்ணீரில் கரைத்து ஒரு முட்டையை இறக்கினார். எடுத்துப் பார்த்தார். வெளிறிய ரோஜா நிறம்.

போச்சு. எல்லாம் போச்சு.

கதவு திறந்தது. வெள்ளிக்கிழமையை மறந்துவிட்டு பஞ்சாலை வெளியே வந்தாள். கையில் வினிகர் பாட்டில். யாரிடம் எப்போது கேட்டு வைத்தாளோ, மூன்று கரண்டி ஊற்றி, கட்டியைக் கரண்டியாலேயே நசுக்கிக் கலக்கினாள்.

தண்ணீர் சட்டென்று செக்கச்செவேலென்று ஆனது. அதே முட்டையை மறுபடி இறக்கினார்கள். வெளியே வந்தபோது செம்பருத்திப் பூவின் சிவப்பு!

சன்னாசி வாய்விட்டுச் சிரித்தார். பஞ்சாலையும் சிரித்தாள். இருவரும் போட்டி போட்டுக்கொண்டு மற்ற முட்டைகளை முக்கி எடுத்தார்கள். கடைசி முட்டையை எடுக்கும்போது வாசலில் ஹார்ன் சத்தம்.

ரோகினி குழந்தையோடு இறங்கினாள். சன்னாசி ஈரம்கூடக் காயாத முட்டையோடு ஓடினார். பேத்திக்குத்தான் என்று நினைத்து அவள் குழந்தையின் கையை விரித்தாள். அவர் அதை மகளின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது ஒனக்கும்மா. முப்பத்திரண்டு வருசம் லேட்டாயிருச்சு."

பக்கத்துச் சீனக் குடியிருப்பான கம்போங் பாருவிலிருந்து வந்த ஒரு சீனப் பெண், இருபத்தெட்டு நாள் குழந்தையை இதே வாசலில் கொடுத்துவிட்டுப் போனது ரோகினிக்குத் தெரியும். துண்டின் மடிப்பில் இருந்த பொட்டலத்தில் என்ன இருந்தது என்பதுதான் யாருக்கும் தெரியாமல் இருந்தது. குங்குமம் என்றே நினைத்திருந்தார்கள். போன மாதம் சீனக் கடைக்காரர் வீட்டில், பேரனின் முப்பதாம் நாளுக்கு அவர்கள் வழக்கப்படி முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் போட்ட மேசையில் இதே மாதிரிப் பொட்டலம் கிடந்ததைச் சன்னாசி பார்த்தார்.

குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போன அந்தப் பெண்ணும் முப்பதாம் நாளுக்காக வாங்கி வைத்திருந்தாள். இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது.

ரோகினி முட்டையைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் இருந்த சாயம் அங்கே ஒட்டிக்கொண்டது.

பஞ்சாலை முந்தானையால் துடைக்கப் போனாள். பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டாள்.