சிரித்த பிறகுதான் கட்

மூக்கில் வைத்த பஞ்சு அரித்தது. சொறிய முடியாது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

கூடத்தின் நடுவே, தலைமாட்டில் விளக்கோடு, அவள் செத்துக் கிடந்தாள். மருமகள்கள் கிளிசரின் போட்டுக்கொண்டு அழுதார்கள்.

அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

இந்த சீரியலில் எண்ணூறு எபிசோடு மாமியாராக நின்றிருக்கிறாள். நின்றாள் என்றால் நின்றதுதான், வீட்டுத் தூண் மாதிரி. "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பாள். முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். அவ்வளவுதான்.

அதற்கு முன் முப்பது வருஷம் நாடக மேடை. மைக் கெட்டுப்போனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல்.

சாவதற்கு முன் மூத்த மருமகளிடம் மனம்விட்டுப் பேச, போன வாரம்தான் இரண்டு பக்க வசனம் கொடுத்தார்கள். டிவியில் அவளுக்குக் கிடைத்த முதல் இரண்டு பக்கம். நாலு நாள் உட்கார்ந்து உருப்போட்டாள்.

இன்று காலை மேக்கப் அறையைக் கடக்கும்போது டைரக்டர் நவநீதன் எட்டிப் பார்த்தான்.

"அந்த டயலாக் வேணாம்மா. தூக்கத்துலயே போயிடறீங்க."

சொல்லிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டான். என்ன திமிர்.

இப்போது அழுகை முடிந்துவிட்டது. ஆனாலும் அவன் கட் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டான். பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், பிறகுதான் கட். இல்லாவிட்டால் யூனிட்டுக்கே ஆகாது. யாருக்கும் பயப்படாத நவநீதனுக்கு இதில் மட்டும் பயம்.

"எழுந்து சிரிங்கம்மா."

கேமரா முன்னால் அவளைச் சிரிக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை.

எழுந்து உட்கார்ந்தாள். பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். மூத்த மருமகளை நேராகப் பார்த்தாள்.

முதல் வரியை ஆரம்பித்தாள்.

லைட்டைப் பிடித்திருந்தவர் அசையாமல் நின்றார். நவநீதன் கையைத் தூக்கினான். இறக்கினான். அவள் இன்னும் சிரிக்கவில்லை, கட் சொல்ல முடியாது.

இரண்டு பக்கம். ஒரு எழுத்து விடவில்லை.

மூத்த மருமகளாக நடித்தவளுக்குக் கிளிசரின் எப்போதோ தீர்ந்திருந்தது. அழுகை நிற்கவில்லை.

பேசி முடித்தாள்.

"அம்மா... இப்பவாவது சிரிச்சிருங்கம்மா." நவநீதன் கெஞ்சினான்.

கேமராவை ஒருமுறை பார்த்தாள்.

முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.