கோல் விழுந்த சத்தம்

“உயிரே இல்லையேம்மா இதுல. கோல் போட்டிருக்கான். யாரோ பஸ்ஸை விட்டுட்ட மாதிரி ஒரு சத்தம் வருது.”

மேனேஜர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எதிரே நின்ற ஒலிப்பதிவாளர் பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்தக் கம்பெனியில் தயாராகிக்கொண்டிருந்தது ஒரு கால்பந்து வீடியோ கேம். அதில் கோல் விழும்போது ரசிகர்கள் போடும் சத்தம் அவள் பொறுப்பு. அந்த ஒரு சத்தத்துக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை மைதானத்தில் தொலைத்திருந்தாள். மூன்றாவது ஞாயிறு மழையில் நனைந்துகொண்டே காத்திருந்தாள். கோலே விழாமல் ஆட்டம் முடிந்துவிட்டது. ஒன்றுகூடவா விழவில்லை என்று மறுநாள் மேனேஜர் கேட்ட தோரணையில், அவளே கோல் கம்பத்தை மறித்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது.

“நிஜ மேட்ச்ல பதிவு பண்ணினது சார்.”

“நிஜம்தான். யாரு இல்லேன்னா? ஆனா காசு குடுத்து வாங்குறவனுக்கு அது பத்தாதே.”

நிஜ மைதானத்தில் கோல் விழுந்தால் பாதிப் பேர்தான் கத்துவார்கள். மீதிப் பேர் வயிற்றெரிச்சலில் வாயைத் திறக்க மாட்டார்கள். மைக்குக்குப் பக்கத்தில் ஒருவர், தன் சீட்டில் உட்கார்ந்துவிட்டவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். அதையெல்லாம் வெட்டி ஒட்டிக் கொடுத்தும் ஆகவில்லை. சரி, நிஜம் வேண்டாம் என்று போன வாரம் குரல் கலைஞர்களை வரவழைத்துக் கத்த வைத்தாள். கூலிக்கு மாரடிக்கிறார்கள், கொஞ்சம்கூட நிஜம் மாதிரி இல்லை என்று அதைத் தள்ளியவரும் இதே மனிதர்தான்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அவளிடம் மட்டுமா? ஆட்டக்காரர்களுக்குக் கடைசிப் பத்து நிமிடம் மூச்சு வாங்க வேண்டும், அப்போதுதான் தத்ரூபமாக இருக்கும் என்று அனிமேஷன்காரரிடம் கேட்டார். அவர் ராப்பகலாக உட்கார்ந்து மூச்சு வாங்க வைத்தால், பார்க்கில் பெரியவர்கள் வாக்கிங் போகிற மாதிரி இருக்கிறது, இதை எவன் வாங்குவான் என்றார். மூச்சு வாங்குவதை எடுத்தால் பொம்மை என்றார். மழையில் பந்து நின்றால் சலிப்பாம், நிற்காவிட்டால் பொய்யாம். எந்த வேலையையும் பாதியில் நிறுத்துவதால் அவருக்கு ‘விசில்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அந்த மாடியில் அது அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

“ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க சார். நிஜமா வேணுமா, ஜனங்களுக்குப் பிடிக்கிற மாதிரி வேணுமா?”

“ரெண்டும்தான். நிஜமாவும் இருக்கணும், கேக்குறவனுக்குப் புல்லரிக்கவும் செய்யணும். இன்னிக்குள்ள குடு. இல்லேன்னா இந்த ஞாயித்துக்கிழமையும் மைக்கைத் தூக்கிட்டு மேட்சுக்குப் போ.”

ஞாயிற்றுக்கிழமை அவள் மகளுக்குப் பள்ளிக்கூட நாடகம். மகள் அதில் மரம். மரத்துக்கு வசனம் கிடையாது. ஆனால் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்தால்தான் மேடையேறுவேன் என்று மரம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. மூன்று ஞாயிறு ஏமாற்றிய அம்மாவுக்கு, நான்காவது முறை அந்தக் குழந்தையிடம் பொய் சொல்ல முகம் இல்லை. மேனேஜரிடம் இதை எடுத்துச் சொன்னாள். மரம்தானே, அடுத்த வருஷமும் நிற்கும் என்றார் அவர்.

அவள் கோபத்தோடு விறுவிறுவென்று தன் அறைக்குப் போனாள். அங்கே கம்ப்யூட்டரில் ஒரு பதிவு இருந்தது. அதைப் போட்டுக் காட்டலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து மனசு கிடந்து அடித்துக்கொண்டது. காட்டினால் வேலைக்கே உலை வைத்தாலும் வைக்கும். காட்டாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை போச்சு. வருவது வரட்டும் என்று அதை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு தரம் போடச் சொன்னார். மூன்றாவது தரம் கேட்டுவிட்டுத் தன் முழங்கையைத் தடவிக்கொண்டார். நிஜமாகவே புல்லரித்திருந்தது.

“இதும்மா. இதைத்தான் நான் கேட்டேன். தொண்டையிலேர்ந்து வரல, அடிவயித்துலேர்ந்து வருது. எத்தனை வருஷம் தவம் கிடந்தாங்களோ. எந்த ஸ்டேடியம் இது?”

சின்ன இடம்தான், அறுபது பேர் இருந்தால் அதிகம், அந்தச் சத்தத்தையே அடுக்கடுக்காகப் பெருக்கிப் பெரிய கூட்டமாக்கினேன் என்றாள்.

“ஒரு பொம்பளைக் குரல் அழுதுட்டே சிரிக்குதே. யாரு அது?”

“தெரியலை சார்,” என்று தரையைப் பார்த்தாள்.

“கடைசில ஜெயிச்சாங்களா?”

“இல்ல சார். அஞ்சு நிமிஷத்துலயே, அது செல்லாதுன்னு சொல்லிட்டாங்க.”

மேனேஜர் உச்சுக் கொட்டினார். “அடப்பாவமே. எப்படி இருந்திருக்கும் அவங்களுக்கு?”

“அதுக்கப்புறம் யாருக்குமே சாப்பாடு இறங்கல சார்.”

அவர் முகம் வாடிவிட்டது. இத்தனை நாளில் அவர் இன்னொருவருக்காக வருத்தப்பட்டு அவள் பார்த்ததில்லை. “பாவம். அடுத்த தடவையாவது அவங்க ஆசைப்பட்டது நடக்கட்டும்மா,” என்று மனதார வாழ்த்திவிட்டு, கேமில் இதையே சேர்த்துவிடச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்துகொள்ளலாம் என்றார்.

வெளியே வந்தவளை அனிமேஷன்காரர் மறித்துக்கொண்டார்.

“என்னம்மா, அதிசயமா ஒத்துக்கிட்டாராமே. எந்த மேட்சைப் போட்டுக் காட்டினே?”

“மேட்ச் இல்லண்ணா.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “நேத்து சாப்பாட்டு ரூம்ல நான் மைக் டெஸ்ட் பண்ணிட்டிருந்தப்போ, விசிலுக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்துடுச்சுன்னு நீங்க ஓடி வந்து சொன்னீங்களே, அப்போ நாம எல்லாரும் போட்ட சத்தம்.”