உலக்கை அதிர்வு

உலக்கையும் கையுமாக ராக்காயி அகப்பட்டுக்கொண்டாள். அதிர்வுமானி புதைத்திருந்த சிமெந்துக் குழியின் ஓரத்தில், உரலுமில்லை அரிசியுமில்லை, வெறும் தரையை மூச்சிரைக்க இடித்துக்கொண்டிருந்தாள். எதிரே பக்கத்து வீட்டு மீனம்மா மாற்றுக் குத்துப் போட்டாள்.

"நல்லாயிருக்கு," என்றான் மெஷின் திருத்த வந்த குகநேசன். "இதுக்குத்தானோ நான் கொழும்பிலயிருந்து வந்து விடியத் தொடக்கம் வயர் கழட்டிக்கொண்டிருக்கிறன்?"

எரிச்சல் வராமல் என்ன செய்யும்? நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, இந்தத் தோட்டத்தில் முன்பு தொழிலாளர் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பழைய பிள்ளைக்காம்பராவில் வைத்திருக்கும் நில அதிர்வுக் கணினி மூன்று வாரமாகத் துள்ளிக்கொண்டிருந்தது. வேறெந்த நிலையத்திலும் ஒரு அசைவும் பதிவாகவில்லை. அவனும் கேபிளை மாற்றினான், கார்டைக் கழற்றித் துடைத்துப் போட்டான், எர்த் வயரைப் புதிதாக இறக்கினான். தேயிலை ஃபெக்டரி மெஷினைக்கூட நிறுத்தச் சொல்லிப் பார்த்தான். கடைசியில் திரையில் ஒரு துள்ளலும் ஜன்னலுக்கு வெளியே ஒரு 'தொம்'மும் ஒன்றாக விழுந்தபோதுதான் எழுந்து ஓடி வந்தான்.

"மறைக்காமல் சொல்லுங்கோ. நீங்கள்தானே இடிச்சது?"

ராக்காயி உலக்கையைக் கீழே போட்டாள். "ஆமாங்கய்யா. மிசின்ல ஆட்டம் தெரியணும்னுதாங்க. தெரியலன்னா தொரை எங்கள திரும்ப லயத்துக்கே வெரட்டிருவாரு. செவுரெல்லாம் வெடிச்சிருக்குங்க, பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு எப்படிங்க படுக்குறது?"

தோட்டத்தை நடத்தும் துரையின் கதை தனிக்கதை. மலை நகர்கிறது என்று லயத்து வரிசை வீடுகளின் சனம் முறையிட்டபோது, 'மெஷின் சொல்லட்டும், பார்க்கலாம்' என்றவர் அவர்தான். மெஷின் சொல்லிவிட்டது. வேறு வழியில்லாமல் எல்லாரையும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு மாற்றினார். இப்போது புது வீடு வேறு கேட்கிறார்கள். மெஷின் பிழை என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று தவம் கிடந்தார் மனிதர்.

குகநேசன் குனிந்து பார்த்தான். செழித்த புல்லில் உலக்கை விழுந்த இடங்கள் மட்டும் வட்ட வட்டமாக நசுங்கியிருந்தன. ஒன்றிலும் மண் தெரியவில்லை. அவனுக்கு அந்தச் சாட்சி போதுமாக இருந்தது.

ராக்காயி மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் துரையின் ஜீப் வந்து நிற்க, தலைத்துண்டை இறக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். ஆண்கள் இருவரும் இங்கிலீசில் பேசிக்கொண்டார்கள். துரை வாய்விட்டுச் சிரித்தார்.

உள்ளே போய் மூன்று வாரப் பதிவையும் ஆள் இடித்த அதிர்வு என்று குறித்து அழித்தான் குகநேசன். இனிச் சின்னச் சின்ன ஆட்டத்துக்கெல்லாம் அலறாதபடி எச்சரிக்கை அளவையும் உயர்த்தி வைத்தான். பிறகு துரை பங்களாவில் தேநீரும் கேக்கும். கண்டுபிடித்த கெட்டிக்காரத்தனத்தில் அவனுக்கு இரண்டாவது துண்டும் இறங்கியது.

அவன் வேன் கீழே இறங்கும்போது, பானை சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சனம் மழையோடு லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ராக்காயியின் இடுப்பில் மகள் தனுஜா. பின்னால் புருஷன் அழகன் பாய்களைச் சுமந்து வந்தான். பாவம்தான், பொய் சொன்னால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டான் குகநேசன்.

அடுத்த வாரமே மலை இறங்கியது. லயம் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. கொழுந்து பறிக்கப் போயிருந்ததால் ராக்காயி தப்பினாள். காய்ச்சலென்று படுத்திருந்த பிள்ளையும், அதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற அழகனும் உள்ளே போய்விட்டார்கள்.

குகநேசன் மறுபடி வந்தபோது தோட்டம் முழுக்க ஒரே பேச்சு. உலக்கையைப் போட்டு இடித்துத் தங்கள் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்கள் என்று கணக்கப்பிள்ளை சொன்னார், வேன் சாரதியும் சொன்னான். குகநேசனுக்கும் அந்தப் பேச்சு வேண்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு நாளாக ஒரு வாய் சோறு உள்ளே போனது.

சேற்றைத் தோண்டுகிறவர்களைப் பார்த்தபடி ராக்காயி உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"ஏன் தங்கச்சி அப்பிடிச் செய்தனீங்கள்? மூண்டு கிழமையாய் அந்த இடி இடிக்காமல் விட்டிருந்தால், மெஷின் சொன்னதை நான் நம்பியிருப்பன்."

அவள் மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"மூணு வாரமாங்களா? ஒழுகுற கூரைகூட பெரியவங்க வந்து பாக்குற அன்னிக்கு ஒழுகாதுங்க. நீங்க பாக்குற நேரம் ஆடாமப் போயிருமோன்னு பயந்துட்டோம்."

சேற்றுக்குள் யாரோ எதையோ கண்டு கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள்.

"அன்னிக்கு ஒரு நாளுதாங்கய்யா இடிச்சோம்."