யாரும் நடாத கொடி

"ஒச்சாண்டி ஐயா, பேச்சிமுத்து அண்ணே, சுப்புத்தாய் அக்கா, விவசாயிக மூணு பேரும் வந்துட்டாக சார். அப்புறம் நீங்க, நான். இதுக்கு மேல யாரும் வர மாட்டாக" என்றாள் அனுசுயா.

காமயகவுண்டன்பட்டியை ஒட்டிய அந்தத் திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் அவள் ஒருத்திதான் விஞ்ஞானி. நிலையத்தை வைத்திருப்பதா, மூடுவதா என்று முடிவு செய்யச் சென்னையிலிருந்து வந்திருந்தார் அதிகாரி ஞானசிகாமணி.

"சின்ன நிலையங்களைப் பெரிய நிலையத்தோட இணைக்கச் சொல்லி உத்தரவு. ஜனங்களுக்குப் பயன்பட்டா மட்டும் விட்டுவைப்போம். சாம்பல் நோய் தாங்குற கொடி ஒண்ணு மேடம் உருவாக்கியிருக்காங்க. உங்கள்ல யார் நட்டிருக்கீங்க? ஒரு தோட்டம் காட்டினாப் போதும்."

பேச்சிமுத்து மின்விசிறியைப் பார்த்தார். "நான் வாங்கலைங்க."

"ஏன்? நடுறதுக்குக் கொடிக் குச்சி இலவசமாத்தானே தர்றாங்க?"

"வாங்கலைங்க சார்."

"நீங்கம்மா?"

"எனக்கு ஆடு மேய்க்கவே நேரமில்ல" என்றாள் சுப்புத்தாய்.

"உனக்கு ஏது ஆத்தா ஆடு?" என்றார் பேச்சிமுத்து.

"ஆமா, இவரு பெரிய அரிச்சந்திரன்! பேசாம உக்காரும்."

அதிகாரி ஜன்னல் வழியே பார்த்தார். "வேலியில இத்தனை இடத்துல ஒட்டுப் போட்டிருக்கு?"

"மாடு முட்டிருச்சு சார்." அனுசுயா தலை நிமிரவில்லை.

பிறகு ஒச்சாண்டி பக்கம் திரும்பினாள். நிலையத்து வாசல் கல்லில் இருப்பது அவருடைய அப்பாவின் பெயர்.

"ஐயா, உங்க அப்பா தானமாக் குடுத்த மண்ணு இது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நிலையம் நிக்கும்."

ஒச்சாண்டி தோள்துண்டைச் சரிசெய்தார். முதுகு நாற்காலியில் படவில்லை.

"எங்க வீட்டு ஆளுகளுக்குக் குடுத்துத்தான் பழக்கம் தாயி. இங்கன வந்து ஒரு குச்சிக்குக் கை நீட்டி நின்னதில்ல."

அனுசுயா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலைப் பார்த்தார்.

"பயனாளிகள் யாரும் இல்லை" என்று அதிகாரி வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதினார்.

அடுத்த மாதம் வாசல் பூட்டப்பட்டது. தாய்க்கொடிகளை வேரோடு பிடுங்கி லாரியில் ஏற்றினார்கள். அனுசுயாவுக்கு வேறு மாவட்டம். பேருந்து ஏறும்போது வழியனுப்ப ஒருவரும் வரவில்லை.

அந்தக் கொடி நம் மண்ணில் பிடிக்கவில்லை, அதனால்தான் மூடிவிட்டார்கள் என்று உத்தமபாளையம் வரை ஒரு பேச்சு இருக்கிறது.

அது பொய். கேட்டு வாங்கிய குச்சி தழைக்காது, களவாடி நட்டதுதான் தழைக்கும் என்று நம்புகிற ஊர் அது. ராவோடு ராவாக வேலி தாண்டிப் போன அந்தக் கொடிதான் இன்று சுற்றுவட்டாரப் பந்தல்களில் எல்லாம் காய்த்துத் தொங்குகிறது, ஒச்சாண்டி ஐயா தோட்டத்தில் வேறு கொடியே கிடையாது.